ஒரு சொட்டுப் பாலும் ஒரு தட்டுப் பழ அப்பமும்

1

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அன்னாசி வளையங்களைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துக்கொண்டிருந்தேன். மதுரை அவனியாபுரத்திலிருந்து என் தங்கை முத்துலட்சுமி கூப்பிட்டாள். இங்கே நியூசிலாந்தில் மாலை நான்கு மணி என்றால் அங்கே காலை ஒன்பதரை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியக்காலை வியாபாரத்தை முடித்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்காரும் நேரம் அது.

"அண்ணே, நம்ம வீடு பால் காய்ச்சி இன்னையோட ஒரு வருசமாச்சு" என்றாள்.

"அதுக்குள்ளயா?"

"ஒனக்கு அதுக்குள்ள. எனக்கு அம்புட்டு நாளும் மலையா நகர்ந்துச்சு. வெள்ளிக்கு வெள்ளி போயி, கூட்டித் தொடச்சு, வெளக்கேத்தி வச்சிட்டு வாரேன். அடுப்பு அன்னைக்கி எரிஞ்சதோட சரி. தேனு எப்பண்ணே வருது?"

தேனு என் மகள். முழுப்பெயர் தேன்மொழி. வயது இருபது. ஆக்லாந்தில் தங்கிப் படிக்கிறாள். நாங்கள் ஒன்றரை மணி நேரம் தள்ளி, ஹாமில்டனில் இருக்கிறோம்.

"படிப்பு இருக்குல்லத்தா, பார்ப்போம்" என்றேன். ஒரு வருடமாக இதே பதில்தான். பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "வீடு பூட்டிக் கெடந்தா வீணாப் போகும் முத்து. யாருக்காச்சும் வாடகைக்கு விட்டா என்ன?" என்று கேட்டேன்.

"வாடகைக்கா?" அவள் குரல் சட்டென்று ஏறியது. "அந்தப் புள்ளைக்குன்னு கட்டுன வீடுண்ணே அது. அது வந்து எங்கையால ஒரு வாய் சாப்பிடாம இன்னொருத்தி அந்த அடுப்பப் பத்த வைக்க நான் விடமாட்டேன். ஒனக்கு அவசரமின்னா சாவிய வேற யாருகிட்டயாச்சும் குடுத்துக்க."

போனை வைத்துவிட்டாள். நானும் அன்னாசியைப் பொரித்து முடித்தேன். அந்த ஒரு வாய் எப்படி இத்தனை பெரிய விஷயம் ஆனது என்று ஊரில் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆளுக்கொன்று பேசுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

2

எனக்குப் பால் பவுடர் ஆலையில் வேலை. அவனியாபுரத்து லேத் பட்டறையில் கற்றுக்கொண்ட ஃபிட்டர் தொழில்தான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. இந்த ஊரைச் சுற்றிப் புல்வெளி, புல்வெளி முழுக்க மாடு. இங்கே மனிதர்களைவிட மாடுகளுக்குத்தான் மரியாதை என்பாள் என் மனைவி கலா. லாரி லாரியாக வரும் பாலைச் சுண்டவைத்து, பொடியாக்கி, மூட்டை கட்டிக் கப்பலேற்றும் ஆலையில் பம்புகளும் வால்வுகளும் என் பொறுப்பு.

தேனு இங்கேதான் பிறந்தாள். எட்டாம் மாதத்தில் முதன்முதலாகப் பால் சேர்த்த கஞ்சி கொடுத்தோம். இரண்டாவது கரண்டியிலேயே உதடு தடித்துவிட்டது. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது. அழுகிறாள், ஆனால் சத்தம் வரவில்லை. கலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "பால் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னேன். டாக்டர் அம்மாள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இனிமேல் யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். பால் பட்டால் இவள் உயிர் போய்விடும் என்று சொல்லுங்கள். எல்லாரிடமும் அதே சொற்களில் சொல்லுங்கள்" என்றார். இங்கிலீஷில் சொல்லப் பழகிவிட்டேன். தமிழில் பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை வாயில் வரமாட்டேன் என்கிறது. ஊருக்குப் பேசும்போது "பால் ஆகாது" என்றுதான் கலாவும் நானும் சொல்லிவந்தோம். நம் ஊரில் ஒருவருக்குக் கத்திரிக்காய் ஆகாது, ஒருவருக்குத் தயிர் ஆகாது, இன்னொருவருக்கு மாமியார் ஆகாது. அதனால் யாரும் செத்துப்போவதில்லை.

வேலையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஆரம்ப வருடங்களில் விசா அந்த ஆலையோடு கட்டிப்போட்டிருந்தது. அந்த வேலையை விட்டால் நாட்டையும் விட வேண்டும். பிறகு நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தபோது, எனக்குத் தெரிந்த தொழிலுக்கு இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் இன்னொரு பால் ஆலை, அதைவிட்டால் வெண்ணெய் ஆலை.

ஆலையின் காற்றிலேயே பால்தூள் மிதக்கும். தலைமுடியில் இருக்கும், காது மடலில் இருக்கும். அங்கே ஒரு குளியல், வீட்டுக்கு வந்து பின்பக்கத் துவைக்கும் அறையில் இன்னொரு குளியல். துணிகளுக்குத் தனி மெஷின். நடை பழகிய வயதில் என் கார் சத்தம் கேட்டதும் தேனு கையை விரித்துக்கொண்டு ஓடிவருவாள். நான் போலீசைக் கண்டவன்போல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "நில்லு, நில்லு, வராதே" என்று கத்துவேன். அவள் பாதி வழியில் நிற்பாள். அப்புறம் அதுவே பழகிவிட்டது. நான் வந்தால் அவள் எழுந்து வருவதில்லை. குளித்துவிட்டு நான் போய்த் தூக்கும்போது அவள் வேறு விளையாட்டில் இருப்பாள்.

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு சொல்வாங்களே, அது இந்த மனுசன்தான்" என்று கலா கேலி செய்வாள். சிரிப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும்.

3

பழம் பொரிக்க ஆரம்பித்தது பிறந்தநாள் விழாக்களுக்காக. இந்த ஊரில் பிள்ளைகளுக்கு வாராவாரம் யாராவது ஒருவருக்குப் பிறந்தநாள். கேக், ஐஸ்கிரீம், சாக்லேட் என்று மேசை முழுக்கப் பால். தேனு ஒரு மூலையில் உலர்ந்த திராட்சைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு சனிக்கிழமை வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து, டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். கேக்கை விட்டுவிட்டு மற்ற பிள்ளைகள் அவள் டப்பாவைச் சூழ்ந்துகொண்டார்களாம். வீட்டுக்கு வந்து ராணி மாதிரி சொன்னாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை என் கையில். மைதா ஒரு பங்கு என்றால் அரிசிமாவு அரைப் பங்கு. சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை, தட்டிய ஏலக்காய். கரைப்பதற்குப் பாலும் வேண்டாம் தயிரும் வேண்டாம், ஜில்லென்று சோடாத் தண்ணீர் போதும். மொறுமொறுப்பு அதில்தான் இருக்கிறது. வாழைப்பழம் தோலில் புள்ளி விழுந்ததும் எடுத்துவிட வேண்டும், கனிந்துவிட்டால் எண்ணெயில் கூழாகும். அன்னாசிக்கும் ஆப்பிளுக்கும் முதலில் வறட்டு மாவைப் பூசிவிட்டுப் பிறகு கரைசலில் முக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டை கழன்றதுபோல் மாவு தனியே போய்விடும். இங்கே சித்திரையில் ஃபிஜோவா என்று ஒரு பச்சைப் பழம் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டார் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிடுவார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். கொய்யாவும் அன்னாசியும் கலந்த வாசம். தோலைச் சீவி, தடிமனாக நறுக்கிப் பொரித்து, வெல்லம் கரைத்த தேங்காய்ப்பாலை மேலே ஊற்றினால் தேனு தட்டை வழித்து நக்குவாள்.

தேங்காய்ப்பால் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் நான் இல்லை, வெளுத்த எதிலும் பால் இருக்கும் என்று சந்தேகப்படுகிறவன். கடையில் விற்கும் சில தேங்காய்ப்பால் பவுடரில் கட்டி தட்டாமல் இருக்க பால்புரதம் சேர்க்கிறார்கள். அந்தப் புரதத்தை மூட்டை கட்டுகிற ஆலையில் வேலை பார்ப்பதால் அதன் அத்தனை பெயர்களும் எனக்கு அத்துப்படி. இன்றுவரை தேங்காயைத் துருவிப் பிழிந்துதான் ஊற்றுகிறேன்.

பள்ளியில் அவளைத் 'தென்' என்று கூப்பிட்டார்கள். முதலில் திருத்தினாள், பிறகு அவளே போனில் "ஹாய், தென் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள். பதின்மூன்று வயதில் ஒரு நாள், "டப்பா வேண்டாம்ப்பா. எல்லாரும் என்ன இது, ஏன் இதுன்னு கேக்கறாங்க. எவ்ரி டைம் சொல்லிச் சொல்லி டயர்டா இருக்கு" என்றாள். டப்பா நின்றது. வீட்டில் பொரிப்பது மட்டும் தொடர்ந்தது. ஆக்லாந்துக்குப் போனபின் வாராவாரம் வந்தவள், இரு வாரத்துக்கொருமுறை ஆனாள், இப்போது மாதம் ஒருமுறை. வராத சனிக்கிழமைகளிலும் நான் பொரிக்கிறேன். சர்க்கரை நோய்க்காரியான கலா ஒரு துண்டு எடுப்பாள். மீதி ஆலைக்குப் போகும்.

4

அவனியாபுரத்தில் வீடு கட்டியது வேலை ஓய்ந்ததும் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில். மாடியில் தேனுவுக்கென்று ஒரு அறை. சன்னலில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும். கொத்தனாரோடு மல்லுக்கட்டி வேலை வாங்கியது முழுக்க முத்துவும் அவள் புருஷன் சோலையும்தான். சோலை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சவாரி இல்லாத நேரத்திலெல்லாம் சிமெண்ட் மூட்டை ஏற்றியிருக்கிறார்.

புது வீட்டில் பால் காய்ச்சுவது உடன்பிறந்தவளின் உரிமை. முத்துவிடம் அதைப் பற்றிப் பேசத்தான் பயந்துகொண்டே இருந்தேன். அவளோ என்னைவிட முந்திக்கொண்டாள். "தேனு மாடியில இருக்கட்டும்ணே. பால் ஆவிகூட அதும்மேல படக்கூடாது. கீழ எல்லாம் முடிஞ்சு, தொடச்சு விட்டப்பெறகு எறங்கி வரட்டும்" என்றாள். அதோடு விடவில்லை. "எல்லாரும் விருந்து சாப்பிடயில அது மட்டும் பிஸ்கட் திங்கவா? நான் பழ அப்பம் சுட்டுத் தாரேன். நீ எப்பிடிச் செய்யிறேன்னு காட்டு" என்றாள்.

பல வாரங்கள் வீடியோவில் காட்டினேன். கற்பூரவள்ளிப் பழத்தைப் பிசைந்து, கோதுமை மாவும் அரிசி மாவும் வெல்லப் பாகும் சேர்த்து, எண்ணெயில் ஊற்றி எடுக்கும் அப்பம். ஊரில் அதில் பால் விட்டுப் பிசைவார்கள், நெய் சேர்ந்த எண்ணெயில் சுடுவார்கள். "நெய்யும் கூடாதா? நெய்யி பாலு இல்லையேண்ணே" என்று முதலில் கேட்டாள். பிறகு புரிந்துகொண்டு, புது வாணலி, புதுக் கரண்டி, பிரிக்காத எண்ணெய், தனி அடுப்பு என்று எல்லாம் வாங்கினாள். பின்கட்டில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி, யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாதென்று சோலையைக் காவலுக்கு வைத்தாள். என் மேலதிகாரிகூட ஆலையில் இவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை.

விடியலில் பால் காய்ச்சினோம். புதுப் பானையில் பால் நுரைத்து, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். முத்து முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சிறு டம்ளரில் அந்தப் பாலை ஊற்றிக் கொடுத்தாள். நானும் குடித்தேன். பிறகு குளித்தேன்.

கூட்டம் கலைந்து, தரையெல்லாம் துடைத்த பிறகு தேனு கீழே வந்தாள். பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள், தோளில் குறுக்காக, பால் பட்டுவிட்டால் உடனே குத்த வேண்டிய மருந்து ஊசிகள் வைத்த பை. முத்து தட்டில் அப்பத்தைக் கொண்டுவந்து, ஒன்றைப் பிட்டுத் தன் கையாலேயே அவளுக்கு ஊட்டினாள். "சூப்பர் அத்தை" என்றாள் தேனு. முழுதாக ஒன்று சாப்பிட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதைப் பாதியில் தட்டில் வைத்துவிட்டுத் தொண்டையைத் தடவினாள். "அப்பா" என்றாள். அவள் கூப்பிட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பாவாடையோடு சேர்த்துத் தொடையில் ஊசியைக் குத்தினேன். சோலை ஆட்டோவைக் கிளப்பிவிட்டார். கலா பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு, "மூச்சு விடுடா, மூச்சு விடுடா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் இரண்டாவது ஊசியும் போட வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனதும், பதிவு செய்கிற பெண் கேட்டாள்: "சார், பேஷன்ட்டுக்கு லோக்கல் அட்ரஸ் இருக்கா?" இருந்தது. புது வீட்டின் முகவரியை முதன்முதலாக நான் எழுதிக்கொடுத்தது அங்கேதான்.

5

பிழைத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்க வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள்.

முத்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய் எதிரில் நின்றதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு சொட்டுண்ணே. ஒரே ஒரு சொட்டு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்ன சொட்டு?"

"பொங்குன பாலு. அந்த வீட்டுப் பாலுண்ணே. வந்தவன் போனவன்லாம் குடிச்சிட்டுப் போறான். வீட்டுப் புள்ளைக்கு மட்டும் அதுல பங்கு இல்லாமப் போகுமேன்னு மனசு கேக்கல. பங்கு இல்லைன்னா அந்த வீட்டுல அது தங்காதுன்னு தோணிருச்சு. வெரல்ல தொட்டு மாவுல ஒரு சொட்டு விட்டேன். அம்புட்டு எண்ணெயில வேகுதே, பாலோட வீரியமெல்லாம் செத்துப்போகும்னு நெனச்சேன்."

அடிக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன். தனி வாணலி, தனி அடுப்பு, காவலுக்கு ஆள் என்று அத்தனையும் செய்தவள்தான் அந்தச் சொட்டையும் விட்டாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் புது வீட்டில் பொங்கிய பாலைப் பால் என்றே அவள் நினைக்கவில்லை.

தேனுவிடம் மறைக்கவில்லை. மாடி அறையில் படுத்திருந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். "தெரிஞ்சே போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். முத்து வாசற்படியில் நின்று, "என்னைய மன்னிச்சிருத்தா" என்றபோது, "இட்ஸ் ஓகே அத்தை" என்றாள். அந்த 'ஓகே'யை முத்து மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாள். என் மகளை எனக்குத் தெரியும். பேச்சை முடிப்பதற்கு அவள் பயன்படுத்தும் சொல் அது.

கிளம்பும் நாள்வரை தேனு எங்கள் பெட்டியில் கொண்டுவந்த ரொட்டியையும் தானே உரித்த பழத்தையும் தவிர எதையும் தொடவில்லை. மதுரை விமான நிலையத்தில் அவள் பையிலிருந்த புது ஊசிகளைப் பிரித்து, டாக்டர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூன்று அதிகாரிகள் மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள். "இவ்வளவு கஷ்டத்தோட ஏம்மா ட்ராவல் பண்றீங்க?" என்றார் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான். தேனு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

6

வீட்டுக்கு ஒரு வருடம் ஆனதென்று முத்து கூப்பிட்டுச் சொன்னதற்குச் சில நாட்கள் கழித்து, சோலை பேசினார். அவராகக் கூப்பிடுகிறவர் இல்லை. பின்னணியில் மாட்டுத்தாவணி பஸ் ஹாரன்கள் கேட்டன.

"மச்சான், ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கா. இருந்தாலும் சொல்லிர்றேன்."

"சொல்லுங்க மாப்ள."

"ஒங்க தங்கச்சி பாலத் தொடுறதில்ல. அன்னையிலருந்து. டீயி இல்ல, காப்பி இல்ல, தயிரு, மோரு எதுவும் இல்ல. புள்ள எங்கையால சாப்பிடுற வரைக்கும்னு பாண்டி கோயில்ல வேண்டிக்கிட்டு வந்துட்டா. மார்க்கெட்ல அம்புட்டுப் பேரும் டீ குடிக்கயில இவ வரக்காப்பியக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறா. எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். போன வாரம் படியில கால் வழுக்கி விழுந்து மணிக்கட்டுல எலும்பு கோடு விட்டிருச்சு. கட்டுப் போட்ட டாக்டரு, பாலு குடிங்கம்மான்னாரு. இவ தலைய ஆட்டிட்டு வந்துட்டா."

டீ இல்லாமல் முத்துவை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சின்ன வயதில் வீட்டில் பால் வாங்கும் நாள் குறைவு. சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே ஆடம்பரம், பூ மார்க்கெட்டில் குடிக்கும் ஸ்ட்ராங் டீதான்.

"தேனு ஒரு தடவ வந்து, ஒரு துண்டு சும்மா வாயில வச்சிட்டுப் போனாக்கூடப் போதும் மச்சான்" என்றார் சோலை. "நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிறேன்."

7

அடுத்த சனிக்கிழமை தேனு வந்தாள். ஃபிஜோவா நறுக்கிக்கொண்டிருந்தேன். அவளாகவே பக்கத்தில் வந்து மாவு கரைத்தாள். இப்போதெல்லாம் தோழிகளோடு தங்கும் வீட்டில் அவளும் பொரிக்கிறாளாம். எண்ணெயே இல்லாத மெஷினில், மேலே பட்டைப்பொடி தூவி. படம் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது.

முதல் ஈடு எடுத்து வைத்ததும் சோலை சொன்னதைச் சொன்னேன். அவள் மனம் இளகும் என்று எதிர்பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் கோபத்தில்.

"இது ஃபேர் இல்லப்பா. நான் சாப்பிட்டாத்தான் அத்தை டீ குடிப்பாங்கன்னா, அவங்க எலும்பு உடைஞ்சதுக்கு நானா காரணம்? எனக்கு அவங்க மேல கோபமே இல்லை. பயம். அந்த வீட்டை நினைச்சாலே தொண்டை டைட் ஆகுது. அவங்க அன்பா இருக்காங்கங்கறதுதான் எனக்குப் பயமே."

அவள் சொன்னது சரி. முத்துவின் பக்கமும் எனக்குத் தெரிகிறது. அவளும் எனக்கு இன்னொரு பிள்ளை மாதிரிதான். இருவருக்கும் நடுவில் கடல் மட்டும் இருந்தால் டிக்கெட் எடுத்திருப்பேன்.

"போன் பண்ணுங்க. நான் பேசறேன்" என்றாள்.

முத்து வீடியோவில் வந்தாள். கட்டுப்போட்ட கையைத் திரைக்கு வெளியே மறைத்துக்கொண்டிருந்தாள். தேனுவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "என்னத்தா, மெலிஞ்சு போயிட்ட? சாப்பிட்டியா?"

"அத்தை, டீ குடிங்க."

முத்துவின் சிரிப்பு அப்படியே நின்றது. "யாரு சொன்னா? அந்த மனுசன்தானே?"

"அத்தை, கேளுங்க. நான் உங்க கையால சாப்பிட மாட்டேன். நெக்ஸ்ட் இயரும் இல்லை, எப்பவுமே இல்லை. கோபம் இல்ல அத்தை. ட்ரை பண்ணிப் பார்த்தேன், முடியலை. அதுக்காக நீங்க பால் குடிக்காம இருக்காதீங்க. ப்ளீஸ்."

இவ்வளவு நீளமாக என் மகள் தமிழில் பேசி நான் கேட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்துப் பேசினாள். முத்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுதலை மனிதர்கள் கேட்டு விடுவிக்க முடியாது, சாமிதான் விடுவிக்க வேண்டும் என்று வாதாடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாதாடவில்லை.

"சாப்பிடாத புள்ளைய நான் எப்பிடித்தா வீட்டுக்கு வான்னு கூப்பிடுவேன்?" என்று கேட்டாள். குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வழி தெரியாமல்தான் கேட்டாள்.

தேனு என்னைப் பார்த்தாள். தட்டிலிருந்த பொரித்த பழத்தை எடுத்துத் திரைமுன் காட்டி, "நான் ஒருநாள் வந்து உங்களுக்கு இது செஞ்சு தர்றேன். நீங்க சாப்பிடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள்.

"வந்த புள்ளைய அடுப்படியில நிறுத்திட்டு நான் உக்காந்து திங்கவா? ஆகுற காரியமாத்தா அது?" முத்து சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாந்தா. நீ அங்கனயே நல்லா இரு. அது போதும் எனக்கு. ஒன் மாமனை டீ வாங்கியாரச் சொல்றேன், ஒங்கண்ணு முன்னாடியே குடிக்கிறேன். சரியா?"

சொன்னபடியே செய்தாள். சோலை கடையிலிருந்து வாங்கிவந்த டீயை டம்ளரில் ஊற்றிக் கொடுக்க, இடது கையால் பிடித்து, முழுவதையும் குடித்தாள். தேனு கைதட்டினாள். "தேங்க்ஸ் அத்தை, லவ் யூ" என்று சொல்லிவிட்டு, மனப்பாரம் இறங்கியவளாகப் போனை என்னிடம் நீட்டினாள். தட்டை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு துண்டு கொடுக்க உள்ளே போய்விட்டாள்.

"அண்ணே" என்றாள் முத்து.

"சொல்லுத்தா."

"தெற்குத் தெருவுல ஒரு வாத்தியாரு குடும்பம் வீடு தேடுதாம். புருசன், பொஞ்சாதி, ரெண்டு பிள்ளைக. சுத்தமான சனம். நாளைக்கி வந்து பாக்கச் சொல்லட்டா?"

உள்ளே தேனுவும் கலாவும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒனக்குச் சரின்னா எனக்குச் சரித்தா" என்றேன்.

"மாடி ரூமையும் சேத்துத்தான் கேப்பாக. பூட்டி வச்சு என்ன செய்யப்போறோம், குடுத்துருவோம்." பிறகு சொன்னாள்: "நல்ல நாள் பாத்து, அவுகளே புதுசாப் பால் காய்ச்சிக்கிருவாகண்ணே."